நசீர் எழுதிய கடிதங்கள்

நவம்பர் 12, புதன்

விட்டுவிட்டு மழை. லிங்கநகர் ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். குடைக்கம்பி ஒன்று முறிந்துவிட்டது. திருத்தக் கொடுக்க வேண்டும்.

மனம் குழம்பிக் கிடக்கிறது. ஒழுங்காக எழுதினால் தெளியலாம். எழுத வேண்டியவை:

1. தவத்தின் வழக்கு.
2. நசீர் இதையெல்லாம் செய்வது தன் பேருக்காக.
3. என் கடிதங்கள் வீண்போகவில்லை.
4. எனக்குப் பொறாமை.

முதலாவது சுலபம். தவம், சல்லி ஊர் மீனவர் சங்கச் செயலாளர். படகு இழுக்கும் கரையை ஹோட்டலுக்குக் கொடுக்காதே என்று ஒலிபெருக்கியில் பேசியதற்குப் பயங்கரவாதச் சட்டத்தில் உள்ளே வைத்திருக்கிறார்கள். மாதங்கள் போய்விட்டன, குற்றப்பத்திரிகை இல்லை. வழக்கின் அடுத்த தவணை 24ஆம் திகதி. வெளிநாட்டில் யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் பிணை கிடைக்கலாம் என்கிறார் சட்டத்தரணி.

தவத்தை விடச் சொல்லி எங்கள் குழு இன்றும் பஸ் நிலையத்துக்கு முன்னால் நின்றது. சிவில் உடுப்பில் பொலிஸார் இருவர் போனில் படம் எடுத்தார்கள். நான் குடையை முகத்துக்கு நேரே சரித்துக்கொண்டேன். மூதூர்க் கருவாட்டுக் கடை நசீர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

“தம்பி, இந்தப் பக்கத்தால எடுங்க. இதுதான் எனக்கு வடிவான பக்கம்.”

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பிறகு அவருடைய போனில் வந்திருந்த வீடியோவைக் காட்டினார். இத்தாலியில் ஒரு துறைமுகம். தொழிலாளர் சரக்கு இறக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தவத்தின் படத்தோடு நிற்கிறார்கள். தவத்தின் மனைவி மலரின் குரல் அங்கே ஒலிபெருக்கியில் போகிறது, தமிழிலேயே. நசீர் குழுவைக் கேட்காமல் பதிந்து அனுப்பியது.

மலர் அழுதாள். “நானா, எங்கட சத்தம் அங்க வரைக்கும் போயிட்டுது.”

பிறகு என் பக்கம் திரும்பி, “ஐயா, குடையை மடக்குங்கோ. மழை விட்டுட்டுது.”

அவர் நானா, அண்ணன் முறை. நான் ஐயா.

நவம்பர் 13, வியாழன்

பிரஷர் மருந்து முடிகிறது.

பட்டியலில் 3ஐப் பற்றி. துறைமுகக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். குழுவின் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் என்னுடையவை. மலரின் பெயரிலும் மற்ற மீனவர் குடும்பங்களின் பெயரிலும் நானே எழுதுகிறேன். என் பெயர் எங்கும் இல்லை. அதே இத்தாலியருக்கும் எழுதினேன். வந்த பதில் இரண்டு வரி: கிடைத்தது, கவனத்தில் எடுத்துள்ளோம்.

மலர் சொன்னதில் ஒரு வசனத்தை வெட்டியிருந்தேன். “மகள் அப்பான்ர செருப்பைக் கழுவிக் கழுவி வெயில்ல வைக்கிறாள்.” மனு ஒன்றில் செருப்புக்கு என்ன வேலை என்று நினைத்தேன். நேற்று அந்த வீடியோவை மறுபடியும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர்களுடைய பதாகையில் பெரிதாகக் கீறியிருப்பது ஒரு சோடிச் செருப்பு.

குடை திருத்தவில்லை.

நவம்பர் 15, சனி

மீன் சந்தை. எனக்குப் பின்னால் இருவர்.

“இங்கிலீஸ் கடிதமெல்லாம் நசீர்தான் எழுதினதாம்.”

“விடு கதையை. அந்தாளுக்கு எங்க இங்கிலீஸ்?”

“அவரே தன்ர வாயால சொன்னவராம் எண்டுறன்.”

வீடியோ அவருக்கு, மலரின் நானா அவர், இத்தாலியருக்கும் அவரைத்தான் தெரியும். எனக்கு இருந்தது அந்தக் கடிதங்கள் மட்டும். பார்க்காமல் பாரை மீன் வாங்கி வந்துவிட்டேன். பழசு. பூனைக்கு.

நாளை மூதூர் போய் நேரே கேட்பது. கேட்பேனா தெரியாது.

நவம்பர் 16, ஞாயிறு

போனேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் வசனங்களைப் பாடமாக்கினேன். கடையில் நசீர் கதிரையைத் துடைத்துப் போட்டார், பிளேன்ரீ சொன்னார். முதல் வசனத்தைச் சொன்னேன்: “என் கடிதங்களை நீங்கள் எழுதியதாகக் கேள்விப்பட்டேன்.”

வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வெள்ளிக்கிழம பொலிஸ் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க ஐயா. நம்மட கடிதமெல்லாம் கொப்பி எடுத்துக் கட்டா வச்சிருக்காங்க. ஆர் எழுதின, சொல்லாட்டி மலரக் கூட்டி வந்து கேப்பம் எண்டாங்க. நான்தான் எண்டுட்டன்.”

“உங்களுக்கு ஆங்கிலம்…”

“அதான் இப்பக் கரச்சல்.” சிரித்தார். “நாளைக்குப் பத்து மணிக்குப் போய் அவங்கட முன்னால இருந்து ஒரு பக்கம் எழுதிக் காட்டணுமாம். ஏபிசிடி ஒழுங்கா வருமெண்டு நினைக்கிறன்.”

ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க குடைக்குள்ளயே நடுங்கிற ஆள். உங்கள உள்ளுக்குப் போட்டா அடுத்த கடிதம் ஆர் எழுதுற? நானா?”

எழுதிக் காட்டாவிட்டால் பொய் சொன்னதாக அவரையும் வைத்துக்கொள்வார்கள். பிறகு மலரைக் கூப்பிடுவார்கள். அவருக்கும் தெரியும். தேநீருக்குச் சீனி போதுமா என்றுதான் கேட்டார்.

மிச்ச வசனங்களைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வந்தது நன்றி அல்ல. இதையும் அவரே செய்துவிட்டாரே என்பதுதான்.

நவம்பர் 17, திங்கள்

மழை இல்லை. நித்திரையும் இல்லை.

இன்று நானும் போவதாகச் சட்டத்தரணிக்குச் சொல்லியாயிற்று. பத்து மணிக்கு அங்கே நிற்பதாகச் சொன்னார். “யோசிச்சுத்தானே செய்யிறீங்கள்?” என்று கேட்டார். ஓம் என்றேன். பொய்.

மலர் அழைத்தாள். “ஐயா, நானாவை இண்டைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கினமாம். தெரியுமோ?”

“தெரியும். நானும் போகிறேன்.”

“நீங்களோ?”

அந்த வியப்பு சுட்டது.

கொண்டுபோக: அடையாள அட்டை. மருந்து (நேற்றே வாங்கியது). வாசிக்கும் கண்ணாடி. பேனா இரண்டு. இத்தாலியருக்குக் காலையில் எழுதிய கடிதம், செருப்பு வசனத்தோடு, கீழே என் முழுப் பெயர். இதைப் பொலிஸ்காரர் முன்னால் வைத்து, எழுதியவன் நான் என்று சொல்ல வேண்டும்.

குடை வேண்டாம்.

நசீருக்குச் சொல்லவில்லை. வாசலில் வைத்துப் பார்க்கட்டும். அவருடைய முகத்தை ஒருதரமாவது நான் மாற வைக்க வேண்டும்.

ஆகவே பட்டியலில் 4 சரி: எனக்குப் பொறாமை. 2 பிழை: நசீர் தன் பேருக்காகச் செய்யவில்லை.