நேற்று எங்கே தூங்கினீர்கள்?

மின்னசோட்டா
பிப்ரவரி 11, 1996

அன்பு மகள் ஜானெலுக்கு அம்மா ஆர்டிஸ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்து வெயிலில் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எழுதவில்லை. கொஞ்ச நாளாக அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கடைசி வரை படி, நடுவில் எழுந்துபோய் விமான டிக்கெட் விலை விசாரிக்காதே.

நான் ஆஸ்பத்திரி வார்டை விட்டுவிட்டு நம் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆபீசில் தொலைபேசி நர்சாகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அங்கே நடப்பது ஓர் ஆராய்ச்சி. இதயம் பலவீனமான சந்தாதாரர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு பாதிப் பேருக்குத் தினமும் காலையில் நாங்கள் போன் செய்து விசாரிக்க வேண்டும், மறு பாதிக்கு எப்போதும்போல டாக்டர் மட்டும்தான். உடம்பில் நீர் கோப்பதை முதலிலேயே கண்டுபிடித்து மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தால் மனிதர் வீட்டிலேயே நிம்மதியாக இருப்பார், ஆஸ்பத்திரிச் செலவும் மிச்சம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அரை வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். நாங்கள் தொண்டை வறளப் பேசியதெல்லாம் தண்டம். இந்தப் போன் வேலையையே நிறுத்திவிடலாம் என்றது தலைமை ஆபீஸ்.

ஆராய்ச்சியை நடத்துகிறவள் டெபோரா, பல்கலைக்கழகத்துக்காரி, நியூயார்க்கில் வளர்ந்தவள், வாயைத் திறந்தால் மூடுவது கஷ்டம். அவள் ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசுவதையெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில், "ஆர்டிஸ், எங்க ஊர்ல ஒருத்தரை எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, முழங்கால்ல ஆரம்பிச்சு மருமக சமையல் வரைக்கும் புலம்பிட்டுத்தான் விடுவாங்க. உங்க ஊர்ல பொணத்தைக் கேட்டாக்கூட பரவால்லம்மான்னுதான் சொல்லும்போல"ன்னு ஒரு போடு போட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குறை சொல்லாமல் இருப்பது எங்கள் ஆட்களின் மரியாதை என்று சொல்லிவிட்டு, அந்தக் குளிரில் காரில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதே வாரம் ஆர்வில் சான்ட்விக்கை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருவாரே, அவர்தான். தினமும் காலையில் நான் கூப்பிடும்போது, "இதைவிட மோசமா இருந்திருக்கேம்மா"ன்னு சொல்லிவிட்டுப் பனியைப் பற்றிப் பேசுவார், எடை பார்த்தீர்களா என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்பார். பார்க்கப் போனேன். அவர் மனைவி வீரா, ஒரு வாரமாக அவர் படுக்கவே இல்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார், கால் வீங்கி ஷூ போட முடியவில்லை என்று சொன்னாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்படி இருக்கீங்கன்னுதானே கேட்டீங்க, எங்கே தூங்கினீங்கன்னு கேக்கலியே"ன்னு சொல்லிவிட்டு, எனக்கு ஒரு பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு என் மேல் துளியும் வருத்தமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆர்வில் பிழைத்துவிட்டார்.

மறுநாளே டெபோராவிடம் போய் நீ சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கேள்விகளையே மாற்றினோம். எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்வியைத் தூக்கி எறிந்தோம். நேற்று எங்கே தூங்கினீர்கள், எத்தனை தலையணை வைத்தீர்கள், இன்று ஷூ மாட்ட முடிந்ததா, தபால் பெட்டி வரை நிற்காமல் நடந்தீர்களா. நம் ஆட்கள் குறைதான் சொல்ல மாட்டார்கள், நேராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டார்கள். புதிதாகச் சீட்டுக் குலுக்கி மறுபடி ஆரம்பித்திருக்கிறோம், மே மாதம் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பும் நீளமாகிறது, அதுவும் செலவுதானே என்று மேலாளர் முனகினார். ஒரு ஆள் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கேள்விகளை வாய்க்குப் பழக்கிக்கொள்ள ஒரு சாயங்காலம் வீட்டில் அவரிடம் கேட்டுப் பார்த்தேன், விளையாட்டாகத்தான். எங்கே தூங்கினீங்க மெர்லின் என்றேன். டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்துபோனது. "நாற்காலியிலதான். அதுக்கு என்ன இப்போ?"ன்னு கேட்டார். நவம்பரில் நன்றிகூறும் திருநாளிலிருந்தே அப்படித்தானாம். டிவி பார்த்தபடியே அசந்துவிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியில் பனி சரியாக உறையவில்லை என்று சாக்குச் சொல்லி, பனி மேல் நிறுத்தி உட்காரும் மீன்பிடிக் குடிசையையும் இந்த வருஷம் வெளியே எடுக்கவில்லை, அந்தப் பனி மேல் லாரியே ஓடுகிறது ஜானெல். நான் பயந்துபோனேன். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் இதயம் பலவீனம்தான், நீர் பிரிய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்பான டின் சூப் ஊற்றி நான் சுட்டெடுக்கும் உருளைக்கிழங்கு பேக் இனி இந்த வீட்டில் கிடையாது. அதற்காக அவர் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஜானெலுக்கு எழுதாதே, அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்றார். எழுதிவிட்டேன், நீ கிளம்பி வராதே. டெபோராவிடம் போய் இவருக்கும் தினமும் போன் போகும்படி சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்று தலை குனிந்துகொண்டே சொன்னாள். அவள் சொல்வது சரி. நானாக நுழைத்தால் நாளைக்கு எவனாவது இது தில்லுமுல்லு என்று சொல்லி மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுவான். மே மாதம் நாங்கள் நேர்மையாக ஜெயித்தால் திட்டத்தில் இருக்கும் எல்லார் வீட்டிலும் போன் அடிக்கும், உன் அப்பாவுக்கும் அடிக்கும். ஜெயிக்காமல் விடுவதாக எனக்கு எண்ணமே இல்லை.

அதுவரை நீதான் அவருக்கு நர்ஸ். நான் கேட்டால், "இது உன் ஆபீஸ் இல்லே ஆர்டிஸ்"ன்னு வாயை அடைக்கிறார். பெண்டாட்டி கேட்டால் நச்சரிப்பு, மகள் கேட்டால் பாசம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது உனக்குத் திங்கள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன்னே கூப்பிடு. எப்படி இருக்கீங்கப்பா என்று மட்டும் கேட்காதே, மேலே எழுதியிருப்பதைக் கேள். பரவால்லம்மா என்பார், விடாதே, மறுபடியும் கேள். அதற்கப்புறம் வழக்கம்போல இதோ உன் அம்மா என்று போனை என்னிடம் நீட்டப் பார்ப்பார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே பனி வாரிக்கொண்டிருப்பேன், நீ பேசி முடிக்கிற வரைக்கும் உள்ளே வர மாட்டேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்தட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. ஞாயிறு மறக்காதே.

என்றும் உன் அன்புள்ள,
அம்மா
ஆர்டிஸ் ட்வெயிட்