அலசிக் கொடுத்த உறை

12.5.1996, ஞாயிறு

என் ஓரகத்தி மீனா இன்று விருந்தாளிகளுக்கு மாம்பழக் கெஃபிர் என்ற மோர் போன்ற பானம் கொடுத்தாள், தானே செய்ததாகச் சொல்லி. சித்தி மலேசியாவிலிருந்து கொண்டுவந்த, பூக்கோசுத் துணுக்குபோல் கட்டிகட்டியான உயிருள்ள உறையைப் பாலில் போட்டுப் புளிக்கவைத்து, பழம் அரைத்துக் கலந்தவள் நான். எல்லாரும் அவளைப் புகழ, நான் டம்ளர் கழுவினேன்.

விளக்கு வைத்தபின் சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, அந்த உறையில கொஞ்சம் தாரீகளா? எங்க அம்மா கேட்டாக."

போன மாதம் நான் தயிருக்கு உறை கேட்டபோது, விளக்கு வைத்தபின் கொடுக்கக்கூடாது என்று வெறுங்கிண்ணத்தோடு திருப்பி அனுப்பியவள் இவள்.

"அதுக்கென்ன, அலசித் தாரேன்" என்றேன். கொதிக்கிற தண்ணீரில் அலசினேன். உறை செத்துவிட்டது. பார்த்தால் தெரியாது.

இரண்டு நாளில் பால் நாறிப்போயிற்று என்று வருவாள். "விளக்கு வச்ச பெறகு வாங்குனா அப்பிடித்தான் மீனா" என்பேன்.