நாலு ஓம் பெட்டி

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 12.

தம்பி ஸ்டான்லிக்கு,

முத்துக்கண்ணனின் அம்மா சோலையம்மாள் எழுதுவது. மஸ்கட்டில் நீ நல்லபடியாக இருக்க உன் சாமியையும் என் சாமியையும் கேட்டுக்கொள்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் உன் அம்மா ஞானபாக்கியம் அனுப்பும் முறுக்குப் பார்சலில் இதை வைக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை கரண்டு வேலை பார்க்கும் தவசி வந்து முத்துவின் பாட்டு செட்டைப் பிரித்து மாற்றப்போகிறான். முத்துவின் அப்பாதான் வரச்சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரியும், அந்த அறை பத்துக்கு எட்டு. நீ அனுப்பிய ஆம்ப்ளிபயருக்கு எட்டு ஓம் சின்ன ஸ்பீக்கர் பெட்டி போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். கேட்டானா? தேனியில் எவனோ விற்றான் என்று இடுப்பு உயரத்துக்கு ரெண்டு பெட்டியைச் சுமந்து வந்தான். நாலு ஓமாம். உன்னிடம் போனில், "மாப்ளே, சின்னப் பொட்டியில உறுமி கேட்டா அது பூனை கத்துற மாரி இருக்கும்டா" என்று சிரித்தான். போட்ட அன்றே அடுப்படித் தட்டெல்லாம் குதித்தது. மூலையில் சத்தம் குமுறுகிறது, நிறைந்த ஏலக்காய் மூட்டை நாலை அங்கே அடுக்கு, அடங்கும் என்று நீ சொன்னாய். அந்த மூட்டைக்குத்தான் மலைக்குப் போனான். இறங்கும்போது மழையில் ஜீப்பு உருண்டது.

அதனால்தானே நீ போனை எடுப்பதில்லை?

தம்பி, நீ மூட்டையை அடுக்கத்தான் சொன்னாய். அன்றைக்கே போகச் சொன்னது நான். திங்கட்கிழமை லோடு வருது ஆத்தா, அதோட வரும் என்றான். நான்தான், "இந்த இடியக் கேட்டு என் நெஞ்சு நோகுது, இன்னைக்கே போயி கொண்டா, இல்லேன்னா பொட்டியத் தூக்கித் தெருவுல போடு" என்றேன். இதை அவன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

பள்ளத்தில் கிடந்த மூட்டைகளில் மூன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். நானே மூலையில் அடுக்கினேன். குமுறல் அடங்கிவிட்டது. நீ சொன்னது சரிதான்.

செட்டில் அவன் சொருகிவைத்த பென் டிரைவில் பாட்டுகளுக்கு நடுவே அவன் பேசியதும் இருக்கிறது. பெட்டி சரியாக வைத்திருக்கிறதா என்று பார்க்கப் பேசிவைத்தானாம். "ஆத்தா, அந்தக் கோட்டுல வந்து ஒக்காரு. நான் எங்கருந்து பேசுறேன், சொல்லு பாப்போம்" என்கிறான். தரையில் சாக்பீஸ் கோடு இன்னும் இருக்கிறது. அன்று கூப்பிட்டபோது சோலி கிடக்கிறது என்று போய்விட்டேன். இப்போது தினமும் உட்காருகிறேன். இடது பெட்டியிலும் இல்லை, வலது பெட்டியிலும் இல்லை. நடுவில் வெறும் சுவர். அங்கே நின்று பேசுகிறான்.

இன்னொன்றும் நடக்கிறது. சத்தத்தை அவன் வைத்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் பாடினால் ஆம்ப்ளிபயர் சூடாகி ஊமையாகிவிடுகிறது. நான் அணைப்பதில்லை, வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். சூடு ஆறினதும் தானாகப் பேச ஆரம்பிக்கிறது. சில நாள் பாட்டு வரும். சில நாள் அவன் வருவான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஆத்தா என்று கூப்பிட்டான். நான் கையை உதறிக்கொண்டு, "இந்தா வர்றேன் அப்பு" என்று எழுந்துவிட்டேன். அவர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தேவாரம் ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனவர்தான். "செத்தவன் கூப்புடுறதும், நீ பதில் சொல்றதும், நான் எங்க ஒக்காந்து திங்க?" என்று சொல்லியனுப்பினார். அவர் மேல் தப்பில்லை.

தவசி பார்த்துவிட்டு, "நாலு ஓமு இந்த மிசினு தாங்காது மதினி. எட்டு ஓமு சின்னப் பொட்டியப் போட்டா சூடே ஆவாது, நின்னு நின்னு வராது" என்றான். நல்லதுக்குத்தான் சொல்கிறான். ஆனால் அப்புறம் நான் பொத்தானை அமுக்கினால்தான் பேசுவான். அவனாகக் கூப்பிட மாட்டான்.

வீட்டு ஆம்பளை வீட்டில் சாப்பிடவேண்டும், அதுவும் எனக்குத் தெரிகிறது. அதனால் மாற்ற வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தவசி கை வேண்டாம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. நீயே கழற்றி, நீயே மாட்டு. மாட்டிவிட்டு நீயும் ஒருதரம் அந்தக் கோட்டில் உட்கார்ந்து கேள். அவனை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் குரலில் என்மேல் கோபம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் போனையாவது எடு. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை அப்பு, நீ நூறு வருசம் இருக்கவேண்டும். நீ வருகிறாய் என்று தெரிந்தால் தவசியிடம் சொல்லிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
சோலையம்மாள்