ஊரில் இல்லாத வரதன்

உத்திரமேரூர்,
14-3-1986, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி வரதனுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவின்றி இருக்கிறோம். உன் நலமும் அறிந்தோம், எந்தத் தேதியின் நலம் என்றுதான் தெரியவில்லை, கடிதத்தில் நீ தேதி இடவில்லை. சிப்பாய்கள் கையில் பிடித்துப் பேசும் ரேடியோவை, குரலை எண்களாக்கி அனுப்பும் வகையில், வெளிநாட்டுச் சாமானைவிட மலிவாகச் செய்துவருகிறீர்கள் என்றும், உன் நடத்தை பற்றிய போலீஸ் அறிக்கை 31-3-86க்குள் பெங்களூர் வந்து சேராவிட்டால் உன்னை அவ்வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாய். அது குறித்து நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

4-3-86 செவ்வாயன்று ஏட்டையா விசாரிக்க வந்தபோது நானும் உன் அம்மாவும் காஞ்சிபுரத்தில் கண் டாக்டரிடம் இருந்தோம். போலீஸ் தேடுகிறது என்றதும் நம் தெருவார் உன்னைக் காப்பாற்றத் தீர்மானித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு எல்லம்மாள், வரதன்னு ஒரு ஆளு இந்தத் தெருவுலயே கெடையாது சாமி என்றிருக்கிறாள். எதிர்வீட்டு இருசப்பன், என்னைக் குறித்து, சடையப்பனுக்குக் கொயந்தயே இல்லீங்க, பாவம் என்று வருத்தமும் பட்டிருக்கிறான். ஏட்டையா அவ்வாறே எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் கேட்டதற்கு, பின்ன இன்னா, புள்ளய புடிச்சிக் குடுக்கச் சொல்றியா என்று எல்லம்மாள் என்மீதே கோபித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போய், எனக்கு மகன் உண்டு என்பதற்கு உன் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைக் காட்டி, 12-3-86 புதனன்று அவரை மீண்டும் வரச் செய்தேன். தெருவாரிடம் உண்மையை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னார்கள். முன்பு ஓர் ஆண்டு பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகையில், நீ விளையாட்டாய்ச் செய்த ரேடியோப் பெட்டியின் வழியாக, தன் வீட்டில் தானும் மாமியாரும் போட்ட சண்டை கூத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுவதும் கேட்டதை இருசப்பன் ஒன்று விடாமல் விவரித்தான். ஏட்டையா பேனாவை மூடிவிட்டு, ஊட்டுச் சண்டைய ஊருக்கு உட்டவன் மிலிட்டரி பேச்ச எப்படிங்க பெரியவரே காப்பாத்துவான் என்றார். கேள்வி நியாயமானது. நான் சொன்னேன்: பொங்கலுக்கு வந்திருந்தவனிடம், எதிரி ஒட்டுக் கேட்டால் அந்த ரேடியோவில் என்ன புரியும் என்று 14-1-86 அன்றும் 15-1-86 அன்றும் கேட்டேன், முதல் நாள், பசு சினையா நைனா என்றான், மறுநாள், வைக்கோல் போதுமா என்றான், பெற்ற தகப்பனுக்கே சொல்லாதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். நான் படித்து, ஒரு பிழை திருத்திக் கையெழுத்திட்டேன். மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாக நேற்றுச் சொல்லியனுப்பினார்.

இவ்வாண்டுக் கூத்து 20-4-86 ஞாயிறன்று தொடங்குகிறது. நீ வருவதாக இருந்தால் வெறுங்கையோடு வரும்படி இருசப்பன் கேட்டுக்கொள்கிறான். வேளைக்குச் சாப்பிடு. ஏகாம்பரநாதர் அருளால் நீண்ட ஆயுளோடும் எடுத்த வேலையில் நற்பெயரோடும் இருப்பாயாக. நான் கேட்டதற்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. நீ கேட்டதற்கு என் பதில்: பசு சினைதான்.

இப்படிக்கு,
உன் நைனா,
மு. சடையப்பன்.