தறி நின்ற மதியம்

ஆவணி 9, செவ்வாய்
வெக்கை. மறுபடி தூக்கமில்லை. விடிந்ததும் தலைவலி, வறண்ட வாய். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி முரளியின் விசைத்தறிகள், ராவும் பகலும் தடதட. வீடு பாகம் பிரித்ததும், வேண்டுமென்றே என் படுக்கையறையை ஒட்டிப் போட்டான். எம்.ஏ. படித்தவன் நான், பத்தாவது தேறாதவன் என்னைக் கொல்கிறான்.
கடையில் கல்லாவிலேயே தூங்கி விழுந்தேன். ஜவுளி எடுக்க வந்தவள் சிரித்தாள்.
வாங்க வேண்டியது: காதுக்குப் பஞ்சு, தலைவலி மாத்திரை.

ஆவணி 10, புதன்
செய்துவிட்டேன். தறிக்கூடத்தில் நுழைந்து, தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு நூலைக் கத்தரிக்கோலால் அறுத்தேன். இழைகள் சரிந்தன. என்ன சுகம்!
"பாவுல கை வெச்சிட்டியா? பைத்தியமா புட்ச்சிகிச்சி உனுக்கு?"
முரளி முட்டியதில் என் உதடு கிழிந்தது. அவன் மூக்கில் குத்தினேன். ரத்தம். இன்னும் நாலு விட்டிருப்பேன், மூச்சு வாங்கியது. நூற்று நாற்பது கிலோ உடம்பு. சுவரைப் பிடித்து நின்றேன்.
"அடிக்கறதுக்குக்கூட இன்டர்வெல் உடணுமா, ண்ணா?"
அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்.

ஆவணி 11, வியாழன், அமாவாசை
தறிகளுக்கு லீவு. தெருவே ஊமை. வீங்கிய உதட்டோடு கடைக்குப் போகவில்லை. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டு மல்லாந்தேன். இன்றாவது தூங்கலாம்.
கன்னத்தில் பளாரென்று அறை. மறு கன்னத்தில் இன்னொன்று. மார்மேல் முரளி, மூக்கில் பஞ்சோடு. "மூச்சு உடுடா! உடுடா!"
கஸ்தூரி அழுதாள். என் குறட்டைக்குப் பயந்து கூடத்தில் படுக்கும் மனைவி. அங்கே அவளுக்கு எதுவும் கேட்டதில்லை.
"செவுத்துக்கு அந்தாண்ட எனுக்கு உன் கொறட்ட கேட்டுகினே இருந்துச்சி. தறி நிக்கற மாரி பட்டுனு நின்னுச்சி. திரும்பி வர்ல. ஓடியாந்தேன்," என்றான் முரளி.
அண்ணனுக்கு 'டா'.

ஆவணி 13, சனி
வேலூர் டாக்டர். மல்லாந்தால் கழுத்துக் கொழுப்பு தொண்டையை அடைக்கிறது, வயிறு நுரையீரலை நெட்டுகிறது. மூச்சு நிற்க, மூளை பதறி எழுப்ப, மறுபடி நிற்க. இரவெல்லாம் இதே கூத்து. பகல் தூக்கமும் அதனால்தான்.
"தறிச் சத்தம்?"
"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லிங்க."
மேஜையைக் கவிழ்த்திருப்பேன். இத்தனை வருஷ வெறுப்பை ஒரு வரியில் பிடுங்கிக்கொண்டான்.
தூக்கப் பரிசோதனை அடுத்த வாரம். பிறகு மூச்சுக்கு முகமூடி மிஷின். எடை குறைய வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும்.

ஆவணி 14, ஞாயிறு
தூறல். தறி ஓடவில்லை. அறுத்த பாவு நூலை முரளி இழை இழையாக முடிச்சிட்டுக்கொண்டிருக்கிறான். சத்தமில்லாத வீடு. கண்ணை மூடப் பயம். முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்து ஒருக்களித்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "ண்ணா, தூங்கு. நின்னா வந்து அறையறேன்."
அந்த 'டா'வை மறக்க மாட்டேன். கை வலிக்கச் சுவரில் குத்தினேன்.
அவனும் திருப்பிக் குத்தினான்.