பாலைவன ரோஜாவா, கொய்யாவா

என்னங்க, ட்யூட்டிக்குக் கிளம்பிட்டேன். அசந்து தூங்குறீங்கன்னுதான் எழுப்பல, கோபத்துல இல்ல. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

நர்சரிக்காரர் காலையில ரெண்டு கன்னும் கொண்டுவருவார், ஒண்ணைத்தான் நாம எடுக்கப் போறோம். பாலைவன ரோஜா அழகுதான். நீங்க சொன்ன மாதிரி தண்ணியே கேக்காது. ஆனா அதோட பால் விஷமாம், எங்க டாக்டரம்மா சொன்னாங்க. நம்ம குட்டி தவழ்ந்து போய்ச் செருப்பையே கடிக்கிறவன். இதையும் கடிச்சு வச்சான்னா? நேத்து நான் உங்ககிட்ட கத்தினதும் அந்தப் பயத்துலதான்.

கொய்யாவே வைக்கச் சொல்லுங்க. தண்ணி நான் ஊத்துறேன். கன்னை இறக்கி முடிக்கிறவரைக்கும் குட்டியை இடுப்பைவிட்டு இறக்காதீங்க.

இடம் பத்தல, ஓரத்துல எழுதுறேன்: வளர்ந்ததும் கொய்யாவுல ஏறி விழுவானோன்னு இப்பவே பயமா இருக்கு. விழுந்தா கட்டுப் போட வீட்டுலயே நர்ஸ் இருக்கேன். விழாம பிடிக்க நீங்க இருக்கீங்கல்ல?