எதை நிறுத்தினான் என்று யாரும் கேட்கவில்லை

என் தங்கைக்குக் கணவனாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எனக்கு உறவாகிவிட்ட குழந்தைவேலு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் மருத்துவர் சங்கத்தின் மாதாந்திரக் கல்விக் கூட்டம் நடந்தது. பொருள்: அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகளின் கோளாறுகள். கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு நடவடிக்கைகளைத் தெரிவிப்பது செயலாளரின் கடமை. இறந்த உறுப்பினரை என்ன செய்வது என்று நம் விதிகளில் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே உன்னை வராதவனாகவே கொண்டு, சங்க இதழில் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

இந்தக் கூட்டங்களை நீ மதித்தவன் அல்ல. 'பிரியாணி மீட்டிங்' என்பாய். நேரம் முடிந்தது என்று நான் மணி அடித்தால் கடைசி வரிசையிலிருந்து, "ஏன் மச்சான், பள்ளிக்கூடம் உட்டாச்சா?" என்பாய். மண்டபமே சிரிக்கும். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி உடைந்தது. ஒருவருடைய உள்ளங்கை கிழிந்தது. என் சட்டைக் காலர் என் கழுத்தை இறுக்கியது.

அதற்கு முன், கருமத்தம்பட்டியில் உன் நர்சிங் ஹோமில் அன்று நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பாதிதான் உனக்குத் தெரியும். மீதி உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது. உன் நர்ஸ் போலீசாரிடம் சொன்னதிலிருந்து அதை நான் அறிந்தேன்.

விசைத்தறி ஓட்டும் ஆறுமுகத்தை அவனுடைய அண்ணன் பொன்னுசாமி வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். வாந்தி, வயிற்றுவலி, நிற்கக்கூட வலுவில்லாத சோர்வு. "இப்ப என்ன மாத்திரை சாப்பிடறான்?" என்று நீ கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். பொன்னுசாமி உண்மையைத்தான் சொன்னான்: "மாத்தர கீத்தர ஒண்ணுமில்லீங்க டாக்டர். காரமடைத் தேருக்குப் பந்தம் புடிக்கறதா வேண்டுதலுங்க. வெரதத்துல இருக்கறான். எங்கூட்டுல வெரதம்னா மருந்த வாயில வெக்கறதில்லீங்க."

நீ சலைன் ஏற்றினாய். ரத்த அழுத்தம் சற்று ஏறியது, மறுபடி இறங்கியது. இன்னொரு பாட்டில், பிறகு இன்னொன்று. பொழுது சாயும்போது அவன் இறந்துபோனான்.

அந்த நேரத்தில் உன் பின்கதவு திறந்தே கிடந்தது. வாசலில் தறிப்பட்டறை ஆட்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். "பின்னால போயிருங்க டாக்டர்" என்று நர்ஸ் கெஞ்சியிருக்கிறாள். இறப்பை மருத்துவன் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நீ முன்பக்கமாகப் போனாய். விதிகளைக் கேலி செய்தே வாழ்ந்தவன், அன்று அந்த ஒரு விதியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாய்?

"பேசிக்கிட்டே வந்தானேடா எந்தம்பி! தண்ணிய ஏத்தியே கொன்னுபோட்டயேடா!" என்று பொன்னுசாமி உன் நெஞ்சில் எட்டி உதைத்தான். நீ மருந்து பீரோவின் மேல் விழுந்தாய். கண்ணாடி நொறுங்கியது. எழுந்திருக்க நீ ஊன்றிய கையின்மேல் ஒருவன் செருப்புக் காலோடு ஏறி நின்றான். சலைன் மாட்டும் இரும்புத் தண்டைப் பிடுங்கி, பொன்னுசாமி பின்னாலிருந்து உன் தலையில் அடித்தான். முதல் அடியோடு நீ நினைவிழந்தாய் என்று நர்ஸ் சொன்னாள். அவர்கள் முதல் அடியோடு நிறுத்தவில்லை. உன் பற்களைத் தரையிலிருந்து பொறுக்கி, பஞ்சில் சுற்றி, கோவைக்கு வந்த ஆம்புலன்ஸில் அவள் கையிலேயே வைத்திருந்தாள்.

நான் அமைதியானவன் என்று பெயர் எடுத்தவன். நர்ஸ் போலீசாருக்கு அடையாளம் காட்டிய நாளில் பொன்னுசாமியின் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எந்த மூட்டை எந்தப் பக்கம் திருப்பினால் ஒடியும் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பெரிய மருத்துவமனையில், இறப்பதற்கு முந்தைய காலை, உனக்கு நினைவு திரும்பியது. என் தங்கை சாந்தாமணி முகம் கழுவப் போயிருந்தாள். வீங்கிய உதட்டால் நீ பேசியதைக் காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"மச்சான், அவன் மூஞ்சி உருண்டையா இருந்துச்சு. பிடரியில கொழுப்புத் திரண்டிருந்துச்சு. வயித்துல செவப்பு செவப்பாக் கோடு."

"பேசாதே" என்றேன்.

"கேளு. பஞ்சுத் தூசியில இழுப்பு. எவனோ பொடி குடுத்திருக்கறான், ஸ்டீராய்டுப் பொடி. வெரதத்துக்கு நிறுத்திபோட்டான். என்ன சாப்பிடறான்னு கேட்டேன். எத நிறுத்துனான்னு கேக்கல. ஊசி அந்த பீரோவுலயே இருந்துச்சு. மீட்டிங்ல சொல்லு. எம்பேரப் போட்டே சொல்லு."

சொல்வதா, மறைப்பதா? உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு இதைச் சாந்தாமணியிடம் எடுத்துச் சொன்னேன். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கிறது அட்ரினல். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி இடும் கட்டளைக்கு அது சுரக்கும். அதே சரக்கு மாத்திரையாகவோ பொடியாகவோ வெளியிலிருந்து வரத் தொடங்கினால் கட்டளை நின்றுவிடும், சுரப்பி சுருங்கிவிடும். அதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் அந்தச் சரக்கு அறவே இராது. வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், எவ்வளவு சலைன் ஏற்றினாலும் நிற்காது. ஹைட்ரோகார்டிசோன் ஊசி ஒன்று போதும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். இதை அடுத்த கூட்டத்தில் உன் பெயரோடு சொல்லப்போகிறேன் என்றேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, செத்தவர மறுபடியும் அடிக்கறீங்களா?"

"அவரே சொல்லச் சொன்னாரம்மா."

"மண்ட ஒடஞ்சு கெடந்தவரு சொன்னதெல்லாம் ஒரு பேச்சா? கேசு நடந்துட்டு இருக்குது. டாக்டரு மேலதான் தப்புன்னு அவனோட வக்கீலு கோர்ட்டுல கத்துவான். அப்பறம் அந்தக் கொலகாரன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இந்த ரோட்டுலயே நடப்பான். உங்களுக்கு உங்க ரூல்ஸ்தான் பெருசு!"

கையிலிருந்த பித்தளைச் செம்பை எறிந்தாள். என் புருவத்தில் பட்டுத் தோல் பிளந்தது. வாழ்நாளில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். நானே தையல் போட்டுக்கொள்ள முடியாத இடம். வேறொரு மருத்துவரிடம் போய்க் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன்.

இனி, கூட்டம். அவிநாசி சாலை விடுதி மண்டபத்தில் நடந்தது. சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் பிட்யூட்டரிக் கட்டிகளின் படங்களைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் திருமூர்த்தி எழுந்தார். சிங்காநல்லூரில் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், உன்னோடு சீட்டு ஆடுபவர்.

"நிறுத்துங்க சார்! பிட்யூட்டரியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். நம்ம ஆள அடிச்சுக் கொன்னுபோட்டாங்க, நாம படம் பாத்துக்கிட்டு இருக்கறோம். கம்பிக் கேட்டுப் போடோணும், வாசல்ல நாலு தடியன நிறுத்தோணும். கைய ஓங்குனா அங்கயே கைய ஒடிக்கோணும்!"

மண்டபம் கைதட்டியது. அவர் தன் நாற்காலியை எட்டி உதைத்தார், அது முறிந்தது. கையிலிருந்த தண்ணீர்த் தம்ளரை மேசையில் குத்தினார். கண்ணாடி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. வெள்ளை விரிப்பில் ரத்தம் பரவியது. அதைத் துடைக்க அத்தனை மருத்துவர்களில் ஒருவரும் எழவில்லை. எல்லோரும் அந்த ரத்தத்தைப் பார்த்து இன்னும் சத்தம் போட்டார்கள்.

நான் மணி அடித்தேன். மேடையேறினேன். இருபத்தெட்டு வயது ஆண், விசைத்தறித் தொழிலாளி, நெடுநாள் இழுப்பு என்று வழக்கமான முறையில் தொடங்கினேன். முகம் உருண்டை என்று சொல்லும்போதே சிலருக்கு விளங்கிவிட்டது. விரதம் என்றபோது மண்டபம் அடங்கியது. "சிகிச்சை அளித்தவர் டாக்டர் குழந்தைவேலு. ஊசி அவரிடம் இருந்தது. அவர் போடவில்லை" என்று சொல்லி முடித்தேன்.

"துரோகி!" என்று ஒரு குரல் வந்தது. திருமூர்த்தி ரத்தம் ஒழுகும் கையோடு மேடையேறி என் காலரைப் பிடித்தார். "அவனே போயிட்டான். சொந்த மச்சானு, நீயே அவனத் தெருவுல இழுத்துப் போடறயே, உனக்கு நெஞ்சு இருக்குதா?" மூச்சு முட்டியது. பேராசிரியர் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

அவர் பிடியை விடுவித்துக்கொண்டு ஒலிபெருக்கியில் கேட்டேன்: "அந்த மாலை, அந்த நோயாளி உங்களிடம் வந்திருந்தால் அந்த ஊசியை நினைத்திருப்போம் என்று மனச்சாட்சியோடு சொல்லக்கூடியவர்கள் கை உயர்த்துங்கள்."

பேராசிரியர் உயர்த்தினார். நடுவில் ஓர் இளம் பெண் மருத்துவர் உயர்த்தினார். ஜன்னலோரம் ஒரு கை பாதி எழுந்து இறங்கிவிட்டது. வேறு கை இல்லை. திருமூர்த்தியின் கை என் காலரிலிருந்து நழுவியது. என் கையும் உயரவில்லை, குழந்தைவேலு. நீ சொல்லிக் கேட்கும்வரை எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையில் சாந்தாமணி எழுந்தாள். அவள் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. தடுப்பதற்குத்தான் வந்திருக்கிறாள். அழவில்லை. ஒவ்வொரு வரிசையாக எல்லோரையும் பார்த்தாள்.

"அப்போ நீங்க அத்தன பேரும் வாங்க வேண்டிய அடியுங்க அது" என்றாள். "எங்கூட்டுக்காரரு ஒருத்தரே வாங்கிக்கிட்டாரு."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணா. மிச்சத்தையும் சொல்லுங்க."

சொன்னேன். எந்த அளவு ஊசி, எவ்வளவு விரைவில், முதலில் என்ன கேட்க வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். பிரியாணி ஆறிப்போனது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். திருமூர்த்தி இடது கையால் எழுதினார்.

உன் ஊர்ப் பக்கத்துச் செய்தி ஒன்று. காய்ச்சல் என்று வரும் தறிக்காரர்களிடம் அன்னூர் மருத்துவர் ஒருவர், "கோயிலுக்கு வேண்டியிருக்கறயா? எந்தப் பொடிய உட்டுபோட்ட?" என்று கேட்கிறாராம். ஆறுமுகத்துக்கு இழுப்புப் பொடி விற்ற கடையை இன்னும் யாரும் மூடவில்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறேன்.

சாந்தாமணி என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. வழக்கு முடியட்டும் என்கிறாள். அவளுடைய அச்சம் நியாயமானது. பொன்னுசாமியின் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றுவார். டாக்டர் தவறு செய்தாரா என்று கேட்பார்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. செய்தார் என்பேன். மறுகணமே, அவர் கேட்காவிட்டாலும், இரும்புத் தண்டால் பின்னந்தலையில் அடித்துக் கொன்றவன் அதோ நிற்கிறான் என்று கை நீட்டுவேன். என் மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி தவறியது. அதற்காக அவனைக் கொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. நீதிபதி எத்தனை முறை குறுக்கிட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கமாட்டேன்.

உன் மனைவிக்கு அண்ணனும் உனக்கு என்றும் மச்சானுமாகிய,
சண்முகசுந்தரம்